கியர் லாக் பத்திரமாக இருந்தது

ஜூலை 1, செவ்வாய்

இன்று மிதுனா சொன்னவை: "தண்ணி தா." "பூனை போச்சு." "அப்பா வண்டி."

மூன்றாவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவில் ஹாரன் கேட்டதும் அவளாகவே வாசலுக்கு ஓடிச் சொன்னாள். நாலரை வயதுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமா என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காமல் இருந்து, ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம்தான். தெரபி சொல்லித்தரும் ஜெனிட்டா மிஸ்தான் தினமும் எழுதச் சொன்னார். "புதுசா ஒரு வார்த்தை வந்தாலும் எழுதுங்க வடிவு. ஒண்ணும் வராத நாளையும் எழுதுங்க."

பக்கத்து வீட்டு தனபால் அண்ணன் கார் பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் எல்லோருடைய வண்டியும் வெளியேதான் நிற்கிறது. இவர் காலையிலிருந்து மூன்று நான்கு தடவை எங்கள் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

இவர் கியர் லாக் மாட்டிக்கொண்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகும் அதே பேச்சு. கண்ணாடியை இறுக்க ஏற்ற வேண்டும், சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும், உள்ளே ஒரு துண்டுகூட வெளியில் தெரியக் கூடாது. "சின்னப் பொருள் தெரிஞ்சாலும் கண்ணாடிய உடைப்பான், வடிவு."

கடலைமிட்டாய் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிற மனுஷன் இந்தப் பழைய காரை ஊர்சுற்றவா வாங்கினார்? கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு வாரம் இரண்டு தடவை தெரபிக்குப் போய்வரத்தான். பஸ் நெரிசலில் ஒருநாள் பிள்ளையின் மெஷின் கழன்று கீழே விழுந்தது. அன்றைக்கே கார் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

மிதுனா இன்று: "மாமா டாட்டா."

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போகிறோம். சாரல் நன்றாக இருக்கிறதாம். நான் கல்யாணத்துக்கு முன்னால் குளித்ததுதான்.

ஜூலை 6, ஞாயிறு

மெஷின் போய்விட்டது.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். போலீசில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மைதானத்தில் காரை நிறுத்தினோம். டோக்கன் கொடுத்தார்கள். இவர் கியர் லாக் போட்டு, நாலு கதவையும் இழுத்துப் பார்த்தார். மெஷினில் தண்ணீர் படக் கூடாது என்பதால் குளிக்கிற இடத்துக்கு வந்ததும் கழற்றி, அதன் நீல டப்பாவில் போட்டு, என் தோள்பைக்குள் வைத்தேன். பெண்கள் பக்கம் நெரிசலான நெரிசல். பிள்ளையை ஒரு கையில் பிடித்து, பையை இன்னொரு கையில் பிடித்து நின்றால் நகரக்கூட முடியவில்லை. ஆண்கள் பக்கம் போகவிருந்தவரிடம் சாவி வாங்கிக்கொண்டு ஒருமுறை காருக்குப் போய்வந்தேன். பிறகு நானும் மிதுனாவும் குளித்தோம். பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது இடது பக்கப் பின்கதவின் கண்ணாடி தூள்தூளாகச் சீட்டில் கிடந்தது. பை இல்லை. பைக்குள் என் போன், பிள்ளையின் மாற்று உடுப்பு, நீல டப்பா. கியர் லாக் பத்திரமாக இருந்தது.

ஸ்டேஷனில் ஏட்டையா எழுதிக்கொண்டே கேட்டார். "காது மெஷின்தானம்மா? எங்கய்யா போட்டிருக்காரு. டவுன்லயே கிடைக்குமே."

"அது இல்ல ஏட்டையா. இது தலைக்குள்ள வச்சிருக்கிற கருவியோட சேர்ந்து வேலை செய்யும். இதைக் கழட்டிட்டா பிள்ளைக்கு இடி இடிச்சாலும் கேக்காது. வேற ஒண்ணு வாங்கணும்னா எங்க காரு மாதிரி பல காரு விக்கணும்."

அவர் பேனாவை நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அவ்வளவு முக்கியமான பொருள யாரு சீட்டுல வச்சது?"

"நான்தான் வச்சேன்" என்றார் இவர்.

அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் எழுந்ததும் மிதுனா அலமாரியிலிருந்து மெஷினைக் காயவைக்கிற குப்பியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். தினமும் அதிலிருந்துதான் எடுத்து மாட்டுவேன். திறந்து காட்டினேன். உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். பிறகு என் சேலைக்குள், தலையணைக்கு அடியில், என் வாய்க்குள்கூடத் தேடினாள்.

ஜூலை 9, புதன்

ஜெனிட்டா மிஸ்ஸிடம் போனோம். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. வழி முழுக்கக் காற்றில் படபடவென்று அடித்தது. அது கேட்டது எனக்கும் இவருக்கும் மட்டும்.

அரசுத் திட்டத்தில் கிடைத்த மெஷின். தொலைந்தால் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் மிஸ். "இந்த வயசுல மாசக்கணக்கா கேக்காம இருந்தா வந்த பேச்சும் மங்கிரும் வடிவு. உங்கட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். காரின் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

எட்டயபுரத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார்கள். வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏல செந்தூரு, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவ, காருக்குள்ள துண்டு கிடக்கக் கூடாதுன்னு. பெத்த பிள்ளை காத சீட்டுல போட்டுட்டா போவ?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ரசம் ரொம்பப் புளித்துவிட்டது.

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தோம். மெஷின் படம் போட்டு, "இது போன் இல்லை. இதை யாரும் வாங்க மாட்டார்கள். இது எங்கள் குழந்தையின் காது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்" என்று. கீழே கோவில்பட்டி என்று ஊர்ப் பெயர். இவர் தன் நம்பரைப் போடச் சொன்னார். நான் என் நம்பரைத்தான் போட வேண்டும் என்றேன். பழைய போனில் என் நம்பருக்கே வேறு சிம் வாங்கிப் போட்டாயிற்று. திருடியவன் ஒரு ஆம்பளையிடம் பேசப் பயப்படுவான்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் லீவு போட்டுக் குற்றாலத்திலேயே கிடக்கிறார். நோட்டீஸ் ஒட்டுகிறார். பழைய சாமான் கடை, செல்போன் ரிப்பேர் கடை எல்லாம் ஏறி இறங்குகிறார். குப்பைத் தொட்டியையும் கிளறினாராம். கையில் கண்ணாடி கீறியிருந்தது.

மிதுனா இன்று கத்திக் கத்திப் பேசினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "தண்ணி தா" என்பது "தண்ணி" ஆகி, சாயங்காலம் வெறும் "ணீ" ஆகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானம் ஒரு போன். எடுத்து ஹலோ ஹலோ என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும். வைக்கப்போகும்போது ஒரு பெண் குரல்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாலரை. நீங்க யாரு? உங்ககிட்ட இருக்கா?"

கட் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஒரு டீக்கடைக்காரர் எடுத்தார். யாரோ ஒரு பொம்பளை அவசரம் என்று வாங்கிப் பேசிவிட்டுக் கொடுத்தாளாம்.

மெஷின் உயிரோடு எங்கேயோ இருக்கிறது.

ஜூலை 16, புதன்

போன் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 17, வியாழன்

வந்தது. வேறு நம்பர்.

"அது இல்லைன்னா ஒண்ணுமே கேக்காதா?"

"ஒண்ணுமே கேக்காதும்மா."

"நீ கூப்பிட்டாலும்?"

"நான் கூப்பிட்டாலும் கேக்காது."

"நாளைக்கு மத்தியானம் தென்காசி ரயில்வே ஸ்டேஷன். டிக்கெட் குடுக்கிற இடத்துல நில்லு. பிள்ளையக் கூட்டிட்டு வா. பிள்ளையப் பாக்காம குடுக்க மாட்டேன்."

இவரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் போனை எடுத்தார். யாருக்கு என்றேன்.

"ஏட்டையாவுக்கு. தகவல் வந்தா சொல்லுங்கன்னு சொல்லியிருக்காருல்லா?"

"வேண்டாங்க. அவ ஓடிருவா."

"திருட்டுப் பொருள் வாங்கப் போறோம் வடிவு. போலீசுக்குத் தெரியாமப் போனா நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க. அவளும் ஏமாத்துக்காரியா இருந்தா?"

சண்டை முற்றியது. உங்களுக்குச் சட்டம் பெரிசா, பிள்ளை பெரிசா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு விஷயத்துல நான் வாயத் திறக்காம இருக்கேன்ல? இந்த ஒண்ணுல நீ என் பேச்சக் கேளு."

அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. நாளைக்கு உடுத்த மிதுனாவின் சட்டையை எடுத்துவைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மத்தியானத்திலிருந்து மாலை வரை டிக்கெட் கவுண்டர் முன்னால் நின்றோம். வேட்டி கட்டி, பழக்கூடை வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய தலை, கீழே பிரவுன் ஷூ. அவர்களைப் போலீஸ் என்று தெரியாத ஆள் அந்த ஸ்டேஷனில் இருந்திருக்க முடியாது.

யாரும் வரவில்லை.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சீட் இடுக்கில் இன்னும் கண்ணாடித் துகள் இருக்கிறது. சங்கரன்கோவில் தாண்டும்வரை இவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல வந்ததே. எனக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

மிதுனா இன்று எதுவும் சொல்லவில்லை. கை காட்டித்தான் கேட்கிறாள். தட்டு வேண்டுமென்றால் இழுக்கிறாள். நான் தெரியாமல் பின்னாலிருந்து தொட்டபோது அலறிவிட்டாள்.

ஒன்றும் வராத நாளையும் எழுதச் சொல்லியிருக்கிறார் மிஸ். எழுதிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இவர் வேலைக்குப் போன பிறகு போன் வந்தது.

"போலீசக் கூட்டிட்டு வந்திய."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சத்தியமா."

"பிள்ளையப் பாத்தேன். தூரத்துல நின்னு பாத்தேன். ரயிலு ஊதுது, எல்லாரும் திரும்புதாங்க, அது திரும்பல." பிறகு சொன்னாள், "இன்னைக்கு வா. ஐந்தருவி. பொம்பளைங்க குளிக்கிற பக்கம். அங்க எந்த ஆம்பளையும் வர முடியாது."

அத்தையிடம் மிஸ்ஸைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். இவரிடம் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

உடை மாற்றுகிற இடத்தில் ஈரத் தரையில் நின்றேன். நைட்டியும் துண்டுமாக எத்தனையோ பெண்கள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தி நனையாமல் நின்றாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லி. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பிளாஸ்டிக் கவருக்குள் கைவிட்டு நீல டப்பாவை எடுத்தாள்.

"போட்டுப் பாரு. வேலை செய்யுதான்னு தெரிஞ்சிட்டுப் போறேன். அரிசிப் பானைக்குள்ளதான் வச்சிருந்தேன். ஈரம் ஏறியிருக்கக் கூடாதுன்னு."

புது பேட்டரி கொண்டுபோயிருந்தேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. இன்னொன்றைப் போட்டாள் அவள். நான் மிதுனாவின் காதில் மாட்டி, அதன் காந்த வட்டத்தைத் தலையில் ஒட்டவைத்தேன்.

பிள்ளை அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினாள், அருவிப் பக்கம். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு அடியில் அவ்வளவு நேரம் நின்றாள், ஆனால் அதன் சத்தம் அவளுக்குத் தெரியாது. இப்போதுதான் கேட்கிறாள். கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்து, அருவியைக் கைகாட்டி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

அந்தப் பெண் குனிந்து தன் கவரிலிருந்து ஒரு ரம்புட்டானை உரித்து நீட்டினாள். "பழம். பழம் தின்னுதியா பாப்பா?"

மிதுனா அவள் உதட்டையே பார்த்தாள். "பயம்" என்றாள்.

அந்தப் பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். "என்னப் பாத்தா பயமா?"

"இல்லம்மா. அவளுக்கு ழ வராது. பழம்தான் சொல்லுதா."

அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. "மெஷின என் வீட்டுக்காரன் தூக்கி எறிஞ்சிட்டான். நான்தான் பொறுக்கி வச்சேன்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பெயர் கேட்டேன், தலையாட்டிவிட்டு ஈரப் பெண்களுக்குள் புகுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் இவர் வந்து செருப்பைக் கழற்றும்போது பின்னாலிருந்து "அப்பா" என்றாள் மிதுனா. செருப்பும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

மிஸ் பரிசோதித்தார். மெஷின் நன்றாக இருக்கிறது. மிதுனா இன்று: "அம்மா வா." "காக்கா." "பயம் தா."

இவர் ஏட்டையாவுக்குப் போன் போட்டு, மெஷின் அருவிக்கரையில் கிடந்து கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். நேற்றிரவே நடந்ததெல்லாம் இவரிடம் சொல்லிவிட்டேன்; இப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். பொய் சொல்லும்போது இவர் காது சிவக்கும் என்பது போனில் தெரியாது.

ஜூலை 28, திங்கள்

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று பேரும் போனோம்.

எங்களுக்கு முன்பே ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஷர்மிளா. நர்சிங் முடித்தவள். சென்னையில் வேலைக்குச் சேரப் போகிற வழியில் குடும்பத்தோடு குளிக்க வந்தார்களாம். எங்களுக்கு முந்தின நாள், அதே மைதானம், அதே மாதிரி கண்ணாடி. அவளுடைய எல்லா ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் ஒரு பச்சை ஃபைலில் போய்விட்டன. அவற்றைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

"உங்களுக்குக் கிடைச்சிருச்சாமே அக்கா" என்றாள். "யாராவது ஆளப் பாத்தீங்களா?"

ஏட்டையா கூப்பிட்டார். மேசையில் இரண்டு போட்டோவை வைத்தார். ஒரு ஆள். ஒரு பெண். புருவத்தில் தழும்பு.

"இவன்தான்னு எங்களுக்குத் தெரியும். பொஞ்சாதிதான் கார் பக்கத்துல நின்னு ஆள் வருதான்னு பாப்பா. ஆனா பாத்த சாட்சி ஒண்ணுமில்ல. இந்தப் பொம்பளைய எங்கயாவது பாத்தியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிதுனா என் இடுப்பிலிருந்து எம்பினாள். போட்டோவில் விரலை வைத்தாள்.

"பயம்! அம்மா, பயம்! பயம்!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் இந்தக் குரலுக்காக ஏங்கினேன். இப்போது வாயைப் பொத்திவிடலாமா என்று கை பரபரத்தது.

ஏட்டையா நாற்காலியில் நிமிர்ந்தார். "பிள்ளை இவளப் பாத்து பயப்படுதே. பாத்திருக்கா. எங்க வச்சு பாத்தா?"

ஷர்மிளா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அவள் பார்வை என் முகத்தில் இருந்தது. இவர் என் பக்கத்தில் அசையாமல் நின்றார். இவருக்கு எல்லாம் தெரியும். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"உங்க யூனிஃபார்மப் பாத்துப் பயப்படுதா ஏட்டையா" என்றேன். "காக்கிய எங்க பாத்தாலும் இப்படித்தான்."

"போட்டோவத்தான தொட்டா?"

இவர் தொண்டையைச் செருமினார்.

"ஆமா ஏட்டையா" என்றார் இவர். "டிராபிக் போலீசப் பாத்தாக்கூட சீட்டுக்கடியில ஒளிஞ்சிக்குவா."

ஏட்டையா எங்களை நெடுநேரம் பார்த்தார். இவர் காது செக்கச்செவேலென்று இருந்தது. கடைசியில் போட்டோவைக் கவரில் போட்டுவிட்டார்.

வெளியே வரும்போது ஷர்மிளா பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எதற்கு என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

அவள் அரிசிப் பானையில் வைத்துக் காப்பாற்றியது என் பிள்ளையின் காதை. நான் நேற்று காப்பாற்றியது அவளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள். இவரிடம் இதைச் சொன்னேன். கூடவே, "பைய நான்தான் வச்சேன்னு அத்தைட்ட சொல்லிரவா?" என்றும் கேட்டேன்.

"அது போகட்டும்" என்றார். "அவ கடைசியா பேசின நம்பருக்குப் போடு."

காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். மாலை விளக்கேற்றும் நேரத்தில் மணி அடித்தது. எடுத்தாள். நான் படபடவென்று சொன்னேன்.

"ஒரு பச்சை ஃபைலு. ஒரு பிள்ளையோட படிப்பு சர்டிஃபிகேட்டு. உங்களுக்கு அது வெறும் காகிதம். போலீஸ் உன் போட்டோவ என்கிட்ட காட்டிச்சு. நான் தெரியாதுன்னுட்டேன். என்னால திரும்ப அப்படிச் சொல்ல முடியாது. அத மட்டும் குடுத்திரு."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை, லைனில்தான் இருந்தாள்.

"பிள்ளை இப்பப் பேசுதா?" என்றாள்.

ஸ்பீக்கர் இல்லாத பழைய போன். மிதுனாவைக் கூப்பிட்டு, போனை அவள் மெஷின் பக்கத்தில் பிடித்தேன். இதுவரை போனில் அவளுக்கு எதுவும் விளங்கியதில்லை. முகம் தெரியாத குரலைப் புரிந்துகொள்ள நாளாகும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

மிதுனா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். "யாது?" என்றாள். மறுபடி கேட்டாள். இவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு பிள்ளை போனிலிருந்து காதை எடுத்து, என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நாளைக்கி. பஸ்ஸு. பச்சை."

போனை வாங்கினேன். கட் ஆகியிருந்தது.

ஜூலை 30, புதன்

இவர் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார். தென்காசியிலிருந்து வந்த பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், துணிக்கடைப் பைக்குள் பச்சை ஃபைல் இருந்தது. கண்டக்டர் இவரிடம் கொடுத்தார். யாரோ ஒரு பொம்பளை, கோவில்பட்டியில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினாளாம்.

ஃபைலில் இருந்த நம்பரில் ஷர்மிளாவின் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். "யாரும்மா குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைதான் கேட்டு வாங்கினா" என்றேன்.